மாலை மூன்றரைக்கு வண்டி வரும்

1

பாரிஸில் மண் மழை பெய்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்கள் இவன் அளக்கிறான் என்று நினைப்பீர்கள், நினையுங்கள். பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எழும்பி ஜன்னல் சீலையை இழுத்தால், நாங்கள் குடியிருக்கிற புறநகர் எபினே முழுக்க மஞ்சள். வானம் மஞ்சள். எதிர்க் கட்டடத்தின் வெள்ளைச் சுவர் மஞ்சள். இரவு தூறிய மழையோடு இறங்கிய மண், தெருவில் நின்ற கார்கள் எல்லாவற்றிலும் ஒரு படையாகப் படிந்திருந்தது. சகாராவிலிருந்து காற்று அள்ளிக்கொண்டு வந்த மண், சில வருடங்களில் இப்படி வரும், பயப்பட ஒன்றுமில்லை என்று வானொலியில் சொன்னார்கள்.

என் மகள் ஆரணிக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடம் போகிற போக்கில் எங்கள் காரின் பின்கண்ணாடியில் விரலால் ஒரு ஒட்டகம் கீறிவிட்டுப் போயிருந்தாள். நாலு கால், ஒரு திமில், சிரித்த வாய். கீழே துபாய் என்று பிரெஞ்சில் எழுதி இரண்டு கோடு இழுத்திருந்தாள்.

நான் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து அதைக் கழுவினேன். ஒரு வாளி போதவில்லை, நாலு வாளி ஊற்றினேன். மேலே பல்கனியில் நின்று என் மனைவி சுகந்தி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா, உங்களுக்கு விசரே? வேலைக்கு நேரம் போகுது. அடுத்த மழைக்கு அது தன்ரை பாட்டிலை போயிடும்."

நான் கழுவிக்கொண்டே இருந்தேன். அந்த மண்ணை எனக்குத் தெரியும். கடற்கரை மணல் மாதிரிக் கரகரவென்று இராது. அரித்த கோதுமை மா மாதிரி இருக்கும், பல்லில் பட்டால்தான் மண் என்று தெரியும். எனக்கு அது எப்படித் தெரியும் என்று சுகந்தி அன்றைக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் ஏதாவது பொய் சொல்லியிருப்பேன்.

2

இந்தச் சித்திரையோடு நான் இங்கே வந்து பதினைந்து வருடம். பாரிஸில் எங்கள் தமிழ்க் கடைகள் இருக்கிற லா ஷப்பலுக்குக் கிட்ட ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சமைக்கிறேன். மத்தியானம் மூன்று மணிக்கு அடுப்பை அணைத்தால் பின்னேரம் ஆறு மணிக்குத்தான் திரும்பப் பற்றவைப்போம். நடுவில் வருகிற அந்த மூன்று மணித்தியாலத்தை இங்கே 'கூப்பூர்' என்பார்கள். ரயில் பிடித்து வீட்டுக்குப் போய்வர நேரம் காணாது. அதனால் என்னைப் போன்ற குசினிக்காரர்கள் லா ஷப்பல் தேத்தண்ணிக் கடைகளில் குந்தியிருந்து உலகத்தைத் திருத்துவோம். தங்கச்சி கலியாணம், காணிப் பிரச்சினை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் எங்களுக்கு அந்த மூன்று மணித்தியாலத்தில்தான் முடிவாகும்.

போன வருடம் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது. அந்தக் கடிதத்துக்காக ஏறி இறங்கிய படிகளை எழுதப் போனால் இந்தக் குறிப்பு காணாது. கடிதம் வந்த அன்றே அக்கா தொலைபேசியில் அழுதார்.

"இனி நீ வரலாம்தானே தம்பி? இனி உன்னை ஒருத்தரும் பிடிக்க ஏலாதுதானே?"

எனக்கு இருப்பது ஒரு அக்கா. வடமராட்சியில் தனியாக இருக்கிறார், சங்கக் கடையில் வேலை. அவருடைய கணவர் தயாபரன், எனக்குத் தயா அத்தான். யுத்தம் முடிந்த அந்த 2009 கடைசியில் அத்தானும் நானும் ஒரே நாளில், ஒரே விமானத்தில் நாட்டைவிட்டு வெளிக்கிட்டோம். நான் பாரிஸ் வந்து சேர்ந்தேன், அத்தான் வரவில்லை.

அக்கா இன்றைக்கும் பொட்டு வைக்கிறார், தாலி போட்டிருக்கிறார். மரணச் சான்றிதழ் எடுத்தால் உதவி ஏதும் கிடைக்கும் என்று கிராம அலுவலர் விதானையார் ஒருமுறை வீடு தேடி வந்து சொன்னாராம். "அவர் செத்தவரும் இல்லை, காணாமல் போனவரும் இல்லை ஐயா. இன்னும் வந்து சேரேல்லை, அவ்வளவுதான்" என்று அக்கா தேத்தண்ணி குடுத்து அனுப்பிவிட்டார்.

ஊருக்கு வா என்று அக்கா கேட்டதற்கு, கட்டுநாயக்காவில் இன்னும் பழைய பெயர்ப்பட்டியல் வைத்திருக்கிறார்களாம், கொஞ்ச நாள் போகட்டும் என்றேன். அதுவும் ஒரு பயம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் விமான நிலையத்து அதிகாரியை விட அக்காவின் வீட்டுப் படலைக்குத்தான் நான் அதிகம் பயந்தேன். அந்தப் படலையைத் திறந்துகொண்டு நான் மட்டும் உள்ளே போகவேண்டும்.

"அப்ப நடுவிலை எங்கையாவது சந்திப்பம்" என்றார் அக்கா. அப்படித்தான் துபாய் வந்தது. லா ஷப்பலில் டிக்கெட் போடுகிற அண்ணை சந்தோஷமாகத் தலையாட்டினார்.

"எங்கடை சனம் முழுக்க இப்ப அங்கைதான் சந்திக்குது. ஊரிலை இருந்து அவை வருவினம், இஞ்சை இருந்து நீங்கள் போவியள். ஒரு பின்னேரம் பாலைவனத்துக்கும் போங்கோ. ஒட்டகத்திலை ஏறிப் படம் எடுக்காட்டில் துபாய் போனதெண்டு ஒருத்தரும் நம்பமாட்டினம்."

நானும் சிரித்தேன். குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணி புரைக்கேறி அண்ணை என் முதுகில் தட்டவேண்டி வந்தது.

3

டிக்கெட் போட்ட வாரமே ஆரணி கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் இருந்தாள். என் மகள் என்னோடு பேசுவது பிரெஞ்சு, நான் அவளோடு பேசுவது தமிழ். நடுவில் சுகந்தி இரண்டையும் போட்டுக் குழைப்பாள். ஆனால் அன்றைக்கு ஆரணி தமிழில் தொடங்கினாள். ஏதோ பெரிய காரியம் கேட்கப்போகிறாள் என்று அதிலேயே தெரிந்தது.

"அப்பா, கேளுங்கோ. பின்னேரம் மூன்றரைக்கு வண்டி ஹோட்டல் வாசலுக்கு வரும்."

வெள்ளை வண்டி, நாலு சில்லும் இழுக்கிற வண்டி, ஆறு பேர் இருக்கலாம். முக்கால் மணித்தியாலம் மணல் மேடுகளில் ஏறி ஏறி விழும். பொழுது படுகிற நேரம் படம் எடுப்பதற்கென்று நிற்பாட்டுவார்கள். பலகையில் நின்று மணலில் வழுக்கலாம். ஒட்டகச் சவாரி, கையில் மருதாணி, கூடாரம், சுட்ட இறைச்சி, இடுப்பை ஆட்டும் ஆட்டம், நெருப்பு வித்தை. ஒன்பது மணிக்கு எல்லோரையும் பத்திரமாக ஹோட்டலில் கொண்டுவந்து விடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் இருந்தது. வெள்ளை வண்டி மணல் மேட்டின் உச்சியில் முன்சில்லு இரண்டும் அந்தரத்தில் நிற்க நின்றது. உள்ளே இருந்தவர்கள் வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் பக்கத்தைக் கீழே இழுத்து ஒரு சாட்டுத் தேடினேன். சின்ன எழுத்தில் இருந்தது. இதய வருத்தம் உள்ளவர்களும் முதுகு வருத்தம் உள்ளவர்களும் தவிர்ப்பது நல்லது.

"எனக்கு நாரி நோகுது பிள்ளை."

"நேற்று நோகேல்லையே!"

சுகந்தி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "உன்ரை அப்பாவுக்கு மணல் எண்டால் ஆகாது பிள்ளை. கலியாணம் கட்டின வருஷம் என்னைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனவர். போனவர் சப்பாத்தும் கழட்டாமல் ரோட்டுக் கரையிலை நிண்டவர். நான் தனியப் போய்க் காலை நனைச்சுப்போட்டு வந்தன். பிறகு அந்தத் தண்ணிப் போத்தல் கூத்து. கடைக்குப் போறதெண்டாலும் காருக்குள்ளை ஆறு போத்தல் தண்ணி வேணும் இவருக்கு. பாரிஸிலை தண்ணி இல்லையாம்!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள்.

ஆரணி நாலு பேருக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஐந்து மணி வரை வைத்திருப்பார்கள், அதற்குள் உறுதிசெய்யாவிட்டால் விட்டுவிடுவார்கள். நாலாவது ஆள் யார் என்று கேட்டேன்.

"மாமி! மாமியிட்டைக் கேட்டிட்டன். வாறாவாம்."

அக்காவின் குரல் செய்தியைப் போட்டுக் காட்டினாள். இவளுக்கு இவ்வளவு தமிழாவது தெரிகிறது என்றால் அது அக்கா அனுப்புகிற குரல் செய்திகளால்தான். கைபேசிக்குள் அக்கா சொன்னார்: "பாலைவனம் எண்டால் எங்கடை மணற்காடு மாதிரித்தானே பிள்ளை? நான் வாறன். அப்பா சாட்டுச் சொல்லுவான், விடாதை. கட்டாயம் கூட்டிக்கொண்டு வா."

ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது.

4

என் பயம் என்னவென்று சொல்லாமல் இதற்கு மேல் எழுத முடியாது. அத்தானைப் பற்றி அக்காவுக்கு நான் சொல்லியிருப்பது பொய்.

அக்காவுக்குத் தெரிந்தது இதுதான். கொழும்பிலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவில் பமாக்கோ என்ற நகரத்துக்குப் பறந்தோம். அங்கே ஏஜென்சிக்காரன் எங்களை இரண்டாகப் பிரித்து அத்தானை வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டான். அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை. என்னைக் கள்ளப் பாஸ்போட்டில் நேரே பாரிஸுக்கு விமானம் ஏற்றினார்கள். இந்தக் கதையில் பமாக்கோவுக்குப் பறந்தது வரைதான் உண்மை.

இந்தக் கதையைக் கட்டியது நான் அல்ல. அந்தக் காலத்தில் லா ஷப்பலில் வந்து இறங்குகிற எங்கள் ஆட்களுக்கு முதல் வேலை கேஸ் எழுதுவது. கேஸ் என்றால் அகதி விண்ணப்பத்தோடு குடுக்கிற உங்கள் கதை. தமிழில் சொன்னால் பிரெஞ்சில் எழுதித் தருவதற்கு ஆட்கள் இருந்தார்கள். ஒரு கஃபேயின் பின் மேசையில் எனக்கு எழுதித் தந்தவர் மூக்குக் கண்ணாடி போட்ட, பொறுமையான மனிதர். நான் நடந்தது முழுவதையும் அவருக்குச் சொன்னேன். காவோ என்ற பட்டணம், பாலைவனம், வள்ளம், ஸ்பெயின் என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். அத்தானையும் சொன்னேன். உலகத்தில் அதைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். கேட்டு முடித்துப் பேனையை மேசையில் வைத்தார்.

"தம்பி, ஸ்பெயினாலை வந்தனெண்டு எழுதினால், முதல் கால் வைச்ச நாடெண்டு உம்மைத் திருப்பி அங்கைதான் அனுப்புவாங்கள். பாலைவனமும் வேண்டாம், வள்ளமும் வேண்டாம். நீர் பமாக்கோவிலை இருந்து பிளேனிலை வந்தனீர். அத்தானும் நீரும் பமாக்கோவிலை பிரிஞ்சிட்டியள். விளங்கிச்சோ?"

"ஓம் அண்ணை."

"ஊருக்குக் கதைக்கேக்கையும் இதுதான் கதை. டெலிபோனை ஆர் கேக்கிறாங்கள் எண்டு தெரியாது. ரெண்டு கதை வைச்சிருக்கிறவன்தான் மாட்டுப்படுறவன்."

நான் அதைப் பாடம் மாதிரி மனனம் செய்தேன். விசாரணையில் விமானத்தில் என்ன சாப்பாடு தந்தார்கள் என்று விசாரித்த அதிகாரி அம்மா மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார். கோழியும் சோறும் என்றேன். எழுதிக்கொண்டார். பத்து வருட விசா வந்தது. பிறகு குடியுரிமைக்கு எழுதிக் குடுத்ததிலும் அதே விமானம்தான்.

விசாரணைக்கு முதல்நாள் அக்கா முதன்முதலாகத் தொடர்பு எடுத்தார். "அத்தான் எங்கை தம்பி?" என்றார். நான் வாய் திறந்தேன். கேஸ் வந்தது. ஒரு சொல் பிசகாமல், மூச்சு விடாமல் ஒப்பித்தேன். விசா கிடைத்ததும் அக்காவுக்கு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அப்போது நினைத்தேன். விசா கிடைத்த பிறகு, சொன்னால் விசா போய்விடுமோ என்று பயந்தேன். அதற்குப் பிறகு பழகிவிட்டது.

5

ஆட்களைத் தேடித்தருகிற நிறுவனம் ஒன்று இருக்கிறது. யுத்தத்தில், பயணத்தில் காணாமல் போனவர்களுக்கு உலகம் முழுக்கத் தேடுவார்கள். அக்கா எங்கேயோ கேள்விப்பட்டு அந்தப் படிவத்தை எடுத்து அனுப்பினார். பிரெஞ்சில் நிரப்பவேண்டும், பிரெஞ்சு தெரிந்தவன் நான்.

பெயர், பிறந்த திகதி, உயரம், உடம்பில் அடையாளம். இடது புருவத்தில் தையல் போட்ட தழும்பு என்று எழுதினேன். அடுத்த பெட்டி, கடைசியாகக் கண்ட இடம். பமாக்கோ என்று எழுதினேன். ஒரு கணமும் யோசிக்கவில்லை, அதுதான் எனக்கு இப்போது வெட்கம். அவர்கள் பாவம், பமாக்கோவின் ஆஸ்பத்திரியில் தேடினார்கள், மறியல் வீட்டில் தேடினார்கள், தேவாலயத்தில் கேட்டார்கள். எவ்விதத் தகவலும் இல்லை என்று கடிதம் வரும். அக்கா திரும்பவும் விண்ணப்பிக்கச் சொல்லுவார். மூன்று தரம் அந்தப் படிவத்தை நிரப்பினேன். மூன்று தரமும் நல்ல கையெழுத்து.

ஆவணியில் ரூ பஜோல் தெருப் பிள்ளையாருக்குத் தேர். லா ஷப்பல் முழுக்கத் தேங்காய்ச் சிதறல். அக்கா முதல்நாளே தொலைபேசி எடுத்துச் சொல்லுவார், அத்தான் பெயரில் அர்ச்சனை செய், நட்சத்திரத்தை மாறிச் சொல்லிப்போடாதே என்று. இருக்கிற ஆளுக்குத்தான் பெயர் நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை. செத்தவருக்கு அது இல்லை, அதற்கு மோட்ச அர்ச்சனையும் திதியும் வேறு. ஒவ்வொரு வருடமும் ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பார்.

"தயாபரன், அத்தம்" என்பேன்.

திருநீறு கையில் விழும். அதை நான் ஒருநாளும் பூசியதில்லை. கடுதாசியில் மடித்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவேன்.

6

நடந்தது இது.

பமாக்கோவிலிருந்து பஸ்ஸில் காவோ. அதற்கு அப்பால் பாலைவனம். அங்கேயும் வண்டி பின்னேரம்தான் வந்தது, மூன்று, மூன்றரை இருக்கும். வெள்ளைப் பிக்கப். பெட்டிக்குள் முதலில் சாமான், அதன்மேல் நாங்கள் இருபத்தைந்து பேருக்கு மேல். ஓரத்தில் இருக்கிறவர்கள் காலை வெளியே தொங்கவிட்டு, சாமானுக்குள் செருகிய தடியைத் தொடைக்கு நடுவில் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தத் தடிதான் உயிர். ஏறுவதற்கு முன் சாரதி ஏதோ சொன்னான். ஆங்கிலம் தெரிந்த ஒரு கானா நாட்டுக்காரர் எங்களுக்குச் சொன்னார், விழுந்தால் நிற்பாட்டமாட்டானாம். நின்றால் சில்லு மணலில் தாழ்ந்துவிடும், துவக்கோடு திரிகிறவர்கள் வந்துவிடுவார்கள். அத்தான் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "உன்னைப் பத்திரமாக் கொண்டுபோய்ச் சேர்க்காட்டில் உன்ரை அக்கா என்னை வீட்டுக்குள்ளை எடுக்கமாட்டாள்" என்றார்.

எனக்குக் காய்ச்சல். இரண்டாம் நாள் பின்னேரம் நான் தலை தொங்கத் தொடங்கினேன். வண்டி தண்ணீருக்கு நின்றபோது அத்தான் தன் இடத்தையும் தடியையும் எனக்குத் தந்துவிட்டுப் பின்னால் தண்ணீர்க் கலன்களைக் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

பொழுது பட்டுக்கொண்டிருந்தது. வண்டி ஒரு மேட்டில் ஏறி விழுந்தது. அந்தரத்தில் நின்று விழுந்தது. கயிறு அறுந்தது. ஒரு கலனும் அத்தானும் மணலில் உருண்டார்கள்.

அவர் எழும்பினார். அந்தக் கஃபே மேசைக்குப் பிறகு இதைத்தான் நான் யாருக்கும் சொல்லவில்லை. அத்தான் எழும்பி நின்றார். சேட்டில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். பிறகு சந்தியில் பஸ் மறிக்கிற மாதிரி ஒரு கையை உயர்த்தினார். நான் கத்தினேன். பக்கத்தில் இருந்த ஒருவன் என் வாயைப் பொத்தினான். கொஞ்சத் தூரம் ஓடி வந்தார், பிறகு ஓடவில்லை, சில்லுத் தடத்தில் நடந்து வந்தார். என்னைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தார். மேடு மறைக்கும் வரைக்கும் நான் அவரைக் கண்டேன்.

நான் குதித்திருக்கலாம். குதித்தவனையும் விட்டுவிட்டுத்தான் போயிருப்பார்கள், இரண்டு பேரும் அங்கேயே கிடந்திருப்போம் என்று பதினைந்து வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அந்த நேரம் நான் அப்படியெல்லாம் யோசிக்கவில்லை. அவர் தந்த தடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவருக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அந்த வழியில் வேறு வண்டிகளும் போகும். பின்னால் வந்த ஒன்று ஏற்றியிருக்கலாம். அந்தக் கலனில் தண்ணீர் இருந்தது. அங்கே தேடச் சொல்லி எழுதியிருந்தால் தேடியிருப்பார்கள். நான் பமாக்கோ என்று எழுதினேன்.

7

அந்த ஐந்து நாளும் கூப்பூரில் லா ஷப்பல் பக்கம் போகவில்லை. உணவகத்துப் பின்கதவடியில் குந்தியிருந்து என்ன சாட்டுச் சொல்லலாம் என்று யோசித்தேன். காய்ச்சல் என்று ஹோட்டலில் படுத்துக்கொள்ளலாம். அக்காவும் ஆரணியும் போகட்டும். ஆனால் அந்த வெள்ளை வண்டியில், அந்தப் பொழுதில், என் மகளும் அக்காவும் இருக்க நான் கட்டிலில் படுத்திருப்பதை நினைத்துப் பார்க்க முடியவில்லை. இன்னொருமுறை விட்டுவிட்டு இருப்பதா? கூடப் போனாலோ, முதல் மேட்டில் என் முகமே அக்காவுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடும். அக்கா என்னைத் தூக்கி வளர்த்தவர்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. பின்னேரம் நாலரை மணிக்கு ஆரணி அக்காவைக் காணொளியில் எடுத்தாள். ஊரில் அப்போது இரவுச் சாப்பாட்டு நேரம். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கைபேசியை முகத்துக்குக் கிட்டப் பிடித்திருந்தார். நெற்றியில் பொட்டு பெரிதாகத் தெரிந்தது.

"மாமி, இஞ்சை பாருங்கோ, வண்டி இப்பிடித்தான் போகும்" என்று ஆரணி கணினியில் ஓடிய படத்துக்கு நேரே கைபேசியைப் பிடித்தாள். வெள்ளை வண்டி மேட்டில் ஏறியது, அந்தரத்தில் நின்றது, விழுந்தது. உள்ளே அலறிச் சிரித்தார்கள். திரும்பவும் ஏறியது. பின்னால் பொழுது பட்டுக்கொண்டிருந்தது.

அக்கா ஒரு கையால் தாலிக்கொடியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"மாமிக்குப் பயம்!" என்று ஆரணி சிரித்தாள்.

"பயமில்லைப் பிள்ளை" என்றார் அக்கா. "தம்பி, உதிலை இருந்து ஒராள் விழுந்தால் நிப்பாட்டுவினமே?"

அக்காவுக்கு ஏதாவது தெரிந்து கேட்டாரா, சும்மா கேட்டாரா என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. பெல்ட் போடுவார்கள், ஒருவரும் விழமாட்டார்கள் என்று ஆரணி சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அவளுடைய கையிலிருந்து கைபேசியை வாங்கினேன். கேஸ் வாயில் வந்து நின்றது. பமாக்கோ, இரண்டு குழு, விமானம், கோழியும் சோறும்.

"நிப்பாட்டேல்லை அக்கா" என்றேன்.

குசினியில் சுகந்தி அடுப்பை அணைத்த சத்தம் கேட்டது. அக்கா அசையவில்லை. படம் நின்றுவிட்டதாக்கும் என்று நினைத்தேன். பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துத் திரும்பப் போட்டார்.

"எழும்பினவரே?"

"ஓம் அக்கா. எழும்பி நிண்டவர்."

"உன்னைக் கண்டவரே?"

"ஓம். கை காட்டினவர். எங்களுக்குப் பின்னாலை நடந்து வந்தவர்."

"எவ்வளவு தூரம்?"

"தெரியாது. மறையும் மட்டும் வந்தவர்."

அக்கா தலையாட்டிக்கொண்டே இருந்தார். ஆரணி பிரெஞ்சில் என்னிடம் ஏதோ கேட்டாள், அப்பா இது உண்மையா என்று கேட்டிருக்கவேண்டும், எனக்குக் காதில் ஏறவில்லை. சுகந்தி வந்து அவளைத் தன்னோடு அணைத்துக்கொண்டு நின்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா அழவில்லை.

"பதினைஞ்சு வரியம் அந்தப் பமாக்கோவை எனக்குக் காட்டினாய்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "மணி என்ன உங்கை?" என்றார்.

"அஞ்சுக்குப் பத்து நிமிஷம் இருக்கு."

"அப்ப அந்தப் பயணத்துக்கு என்ரை பேரையும் குடு. நீயும் வா. சாட்டுச் சொல்லாதை." தொடர்பு அறுந்தது.

நான் கைபேசியைப் பிடித்தபடி இருந்தேன். ஆரணிதான் கணினியை இழுத்து நாலு பேருடைய பெயரையும் அடித்தாள். உறுதிசெய் என்ற பொத்தானை அழுத்துவதற்கு முன் என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

8

நாளை மறுநாள் விமானம். தேடித்தருகிற நிறுவனத்தின் படிவம் இன்னொன்று எடுத்து நிரப்பிவிட்டேன். கடைசியாகக் கண்ட இடம் என்ற பெட்டிக்குள் காவோவுக்கு வடக்கே இரண்டாம் நாள் பின்னேரம், பொழுது படுகிற நேரம் என்று எழுதினேன். பெட்டிக்குள் இடம் காணாமல் ஓரத்திலும் எழுதினேன். அது என் விசாவை, குடியுரிமையை என்ன செய்யும் என்று தெரியாது. தபாலில் போட்டாயிற்று. சுகந்தி என்னோடு அளவாகப் பேசுகிறாள். காருக்குள் தண்ணீர்ப் போத்தல்களை இப்போது அவளே நிரப்பி வைக்கிறாள்.

அக்கா அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. நான் எடுத்தால் எடுப்பதில்லை. நேற்று ஆரணிக்கு மட்டும் ஒரு குரல் செய்தி வந்திருந்தது. அவள் அதை எனக்குப் போட்டுக் காட்டினாள்.

"பிள்ளை, வண்டியிலை கடைசிக்குப் பின்னாலை இருக்கிற இடம் எனக்கு. அப்பாவை முன்னுக்கு இருக்கச் சொல்லு. நான் அவனைப் பின்னாலை இருந்து பாக்கவேணும்."

பாலைவனப் பயணச் சீட்டை அச்செடுத்துக் கடவுச்சீட்டுகளோடு வைத்திருக்கிறேன். மூன்றரைக்கு வண்டி வரும். ஒன்பது மணிக்கு நாலு பேரையும் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து விடுவோம் என்று அதில் எழுதியிருக்கிறது.